டாக்டர் ஆற்றைப் பற்றிக் கேட்டபோது

என் தங்கமான பாக்கியத்துக்கு,

போன வாரம் நம் ஆற்றங்கரைக்குப் போய்வந்தேன். அதே மூன்றாம் எண் மேடையில்தான் தங்கினேன். பலகையில் அந்த ஓட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. எலி வரும் என்று சட்டியைக் கவிழ்த்து மூடி வைப்பாயே, அந்த ஓட்டை. இந்தத் தடவை என்னோடு வந்தவர் உன் வீட்டுக்காரர்.

இதைக் கேட்டால் நீ முதலில் சிரிப்பாய், பிறகு பயந்துபோவாய். "அவரா? ஆத்துக்கா?" என்று இரண்டு கையாலும் வாயை மூடிக்கொள்வாய். ஆமாம், சுப்பையா அண்ணன்தான். வந்தார், ஓர் இரவு தங்கினார். அங்கே நடந்ததை உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. முப்பது வருஷம் பாடம் நடத்தியவள் நான். அறிமுகம் இல்லாமல் எதையும் தொடங்க எனக்கு வராது. பாக்கியம், சாஆ என்ற எங்கள் ஊரில் நாங்கள் இருந்த தமிழ்ப்பள்ளியில் கேன்டீன் நடத்தியவள். காலை ஓய்வு நேரத்தில் நாசி லெமாவும் மீகூனும் அவள் கையால் சாப்பிடாத பிள்ளை அந்த ஊரில் இருக்க முடியாது. கை கழுவிவிட்டு வந்து இரண்டு பக்கமும் காட்டினால்தான் தட்டு கிடைக்கும். தலைமை ஆசிரியருக்கும் அதே சட்டம். தரையை ஒரு நாளைக்கு இரண்டு முறை வெந்நீர் ஊற்றித் தேய்ப்பாள். அவள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

நாம் இருவரும் காட்டுக்குப் போக ஆரம்பித்தது எப்படி என்று நினைவிருக்கிறதா? பள்ளி முகாமுக்குச் சமைக்க உன்னை அழைத்துப் போனோம். எண்பது பிள்ளைகளுக்குச் சமைத்து முடித்துவிட்டு, கடைசி நாள் காலையில் நீ ஆற்றோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டாய். நான் கோப்பி கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குடிக்காமலே இருந்தாய்.

"டீச்சர், எனக்கு யாரும் கோப்பி போட்டுக் குடுத்ததே இல்ல."

"அதனாலதான் குடிக்காம பார்த்துக்கிட்டு இருக்கியா?"

"பிள்ளைங்க இல்லாம நாம ரெண்டு பேரு மட்டும் ஒருக்கா வருவோமா?"

அப்படித்தான் தொடங்கியது. அந்தப் பூங்காவின் பெயரை நான் எழுதவில்லை. அதன்மேல் ஒரு குறையும் கிடையாது. போகும் வழியிலேயே பெரிய பலகையில் எச்சரிக்கை எழுதி வைத்திருக்கிறார்கள், படம்கூடப் போட்டு. நாமிருவரும் பதினோரு தடவை அந்தப் பலகையைக் கடந்து நடந்தோம். ஊருக்கே வாசிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்.

வசதி என்று சொல்ல அங்கே ஒன்றும் கிடையாது. நாலு கால் நட்டு, பலகை அடித்து, மேலே தகரம் போட்ட மேடை. சுவர் இல்லை, கரண்ட் இல்லை, போனுக்குச் சிக்னல் இல்லை. குளிக்க ஆறு. கழிப்பறைக்குப் போவதென்றால் ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் உப்புப் பொட்டலம், அட்டைக்கு. "என் வீட்டு பாத்ரூம் இதுக்கு எவ்வளவோ மேல்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாய். பிறகு ஏன் வருகிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"இங்க யாரும் என்கிட்ட வந்து சாப்பிட என்னா இருக்குன்னு கேக்க மாட்டாங்கக்கா" என்றாய்.

பள்ளியில் நான் உனக்கு டீச்சர். பூங்கா வாசலைத் தாண்டி அந்த மேடையில் ஏறியதும் அக்கா. ஊருக்குத் திரும்பியதும் மறுபடி டீச்சர். இப்படித்தான் என்று நாம் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை. சமையல் அங்கே என் பொறுப்பு. என் சோறு மேலே அரிசி, நடுவே கஞ்சி, அடியில் கரி. "ஒரே சட்டியில மூணு ஐட்டம், எந்தக் கடையில கிடைக்கும்?" என்று நீ சட்டியைச் சுரண்டிச் சாப்பிட்டது இன்னும் கண்முன் நிற்கிறது. என் சமையலை அப்படி ருசித்துச் சாப்பிட்டவர் உலகத்திலேயே நீ ஒருத்திதான்.

சுப்பையா அண்ணனிடம் மட்டும் சொல்ல முடியவில்லை. அவர் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர், உன்மேல் ஒரு சுடுசொல் சொல்லாதவர். பத்து வயதில் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்தார். அக்கரை ஏறியபோது கையில் தம்பி இல்லை. அன்றிலிருந்து அவர் வீட்டில் ஒரே சட்டம்: ஆற்றுப் பக்கம் யாரும் போகக் கூடாது. மகளை நீச்சல் கற்றுக்கொள்ளக்கூட விடவில்லை. பள்ளி முகாமுக்கு உன்னை அனுப்பியதே, சமையல் கொட்டகை ஆற்றிலிருந்து தூரம் என்று நான் சத்தியம் செய்த பிறகுதான்.

அதனால் துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக் ஊர் நமக்குச் சாக்காகக் கிடைத்தது. பள்ளி விடுமுறையில் தங்காக் போய்த் துணி எடுத்துவிட்டு, என் அக்கா வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருகிறோம் என்று சொல்வோம். தங்காக் என்றால் துணிக்கடைதானே, எந்தக் கணவன் சந்தேகப்படுவான்? பொய்யில் பாதியாவது உண்மையாக இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். காலையிலேயே தங்காக் போய் உனக்கு ஒரு பஞ்சாபி சூட் துணி எடுப்போம். பிறகு வந்த வழியே திரும்பி, நம் ஊர்ச் சந்திப்பைக் கடந்துதான் காட்டுப் பக்கம் போயாக வேண்டும். அந்த இடம் வந்ததும் நீ என் காடியின் முன் சீட்டுக்குக் கீழே குனிந்துகொள்வாய்.

"தாண்டிட்டோமா?"

"இன்னும் இல்ல. உங்க பக்கத்து வீட்டு ஆள் ரோட்டுல நிக்கிறாரு."

"அலமாக்! டீச்சர், இடுப்பு ஒடியுது லா."

அப்படி ஒருவரும் நின்றதில்லை. நீ குனிந்திருப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு. பாவி நான்.

உன் வீட்டுக்காரர் ஒரு தடவைகூட என் அக்கா வீட்டுக்குப் போன் போட்டு விசாரித்ததில்லை. நம்மேல் அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டோம்.

கடைசித் தடவையைப் பற்றி எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அதற்கு முதல் நாள் மலைப்பக்கம் நல்ல மழை. ஆறு தேநீர் நிறத்தில் ஓடியது. உன் குதிகாலில் வெடிப்பு. கேன்டீன் தரையில் நின்று நின்று வந்த வெடிப்பு, கொஞ்சம் ரத்தமும் கசிந்தது. "தண்ணியில வைக்கட்டுமாக்கா?" என்று என்னைக் கேட்டாய். "வை, ஊறினா சுத்தமாகும்" என்றேன். அறிவியல் பாடம் நடத்தியவள் சொன்ன பதில் அது. சாயங்காலம் வரை நீ காலை எடுக்கவே இல்லை. பரீட்சைத் தாள் திருத்துவதைப் போலத் தலை நிமிராமல் நான் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ வாசித்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து உனக்குக் காய்ச்சல். தலைவலி, கெண்டைக்கால் தசையில் தொட முடியாத வலி. கேன்டீனில் நின்றதால் வந்த வலி என்றாய். மூன்றாம் நாள் கண் சிவந்துபோனது. அண்ணன் உன்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார், நானும் பின்னாலேயே வந்தேன். ஓர் இளம் டாக்டர், தமிழ்ப் பெண். பொறுமையாகப் பேசினாள். அவள்மேலும் ஒரு குறை சொல்ல முடியாது. கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"ஆன்ட்டி, இந்த ரெண்டு வாரத்துல காடு, ஆறு, அருவி, இப்படி எங்கயாச்சும் போனீங்களா? வெள்ளத் தண்ணியில கால் வச்சீங்களா?"

கட்டிலுக்கு அந்தப் பக்கம் சுப்பையா அண்ணன். இந்தப் பக்கம் நான். நீ அவரைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். உன் விரல் போர்வைக்கு மேலே இப்படியும் அப்படியும் லேசாக அசைந்தது.

"இல்லம்மா. எங்கயும் போகல. தங்காக்தான் போனோம், துணி எடுக்க."

டாக்டர் என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். நான் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டேன்.

அவள் டெங்கியாக இருக்கலாம் என்று எழுதினாள். இரண்டு நாள் அந்த வழியில் போனது. நீ இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்துவிடுவாய், பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் இருந்தேன். மருத்துவமனையில் மூன்றாம் நாள் உன் கண் மஞ்சளாக இருந்தது. வார்டு நடைபாதையில் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்துக்குப் போனோம்மா, காலில் புண்ணும் இருந்துச்சு" என்றேன். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திரும்பி ஓடினாள். எலிக்காய்ச்சல் என்று பிறகு சொன்னார்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் புண்ணில் பட்டால் வருவது. நாம் கடந்து நடந்த அந்தப் பலகையில் எழுதியிருந்தது அதுதான். மருந்து மாறியது. சிறுநீரகம் அதற்கு முன்பே கைவிட்டிருந்தது. அங்கே சேர்ந்த பதினோராம் நாள் நீ போனாய்.

முதல் நாளே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது ஆன்ட்டி. முன்னாடியே தெரிஞ்சா நல்லது" என்றாள். அந்த இரண்டு வாக்கியத்தோடுதான் ஒரு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம். நோயின் பெயரில் எலி இருந்தது, ஊருக்கு அது போதும். "கேன்டீன்ல எலியாம்" என்று உன் கருமாதிக்கு வந்தவர்களே பேசிக்கொண்டார்கள். பெற்றோர் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக்கொடுத்தார்கள். சுகாதார அதிகாரிகள் வந்து பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அதை யார் படித்தார்கள்? வெந்நீர் ஊற்றித் தேய்த்த அந்தத் தரையைப் பற்றி ஊர் அப்படிப் பேசியது, பாக்கியம். நான் வரிசையில் நின்று உனக்குப் பூப்போட்டுவிட்டு, பேசாமல் வீட்டுக்குப் போனேன்.

மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மன்னிப்புச் சொல்லி, ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். ஆனால் அது உன்னிடமிருந்து வந்த மன்னிப்பு இல்லையே.

இரண்டு மாதம் முன்பு அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெரிய பை. மேசையில் கவிழ்த்தார். துணிகள், எல்லாம் கடைத்தாள்கூடப் பிரிக்காத துணிகள். நீலம், மெரூன், அந்தக் கிளிப்பச்சை.

"பதினொன்னு இருக்கு டீச்சர். ஒன்னுகூட தைக்கல அவ."

கிளிப்பச்சையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நீ ஏன் தைக்கவில்லை? ஒரு தடவைகூட நான் கேட்டதில்லையே. பொய்யை உடம்பில் போட்டுக்கொள்ள மனம் வரவில்லையா உனக்கு?

"என்னை அந்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

"எந்த எடத்துக்குண்ணே?"

"தங்காக் இல்ல. அந்த எடத்துக்கு."

போன வாரம்தான் கிளம்ப முடிந்தது. பூங்கா நுழைவாயிலில் நம் ஹாசன்தான் வேலையில் இருந்தார். உனக்கு எப்போதும் நல்ல விறகாகப் பார்த்து எடுத்து வைப்பாரே, அவர். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "மக்சிக்! கவான் மானா?" என்று கேட்டார், ஆன்ட்டி, கூட்டாளி எங்கே என்று. சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

தங்குவதற்கான பதிவுப் பாரத்தை நிரப்பக் கொடுத்தார். அதில் கடைசியில் ஒரு கேள்வி வரும்: ஆபத்து என்றால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்? நாம் இருவரும் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவோம்? நீ என் பெயரை எழுதுவாய், நான் உன் பெயரை எழுதுவேன். இரண்டு பேரும் ஒரே ஆற்றில். நமக்கு ஏதாவது நடந்தால் இவர்கள் யாரைக் கூப்பிடுவார்கள் என்று பதினோரு தடவையும் நமக்குத் தோன்றவில்லை. அண்ணன் சிங்கப்பூரில் இருக்கும் மகளின் பெயரை எழுதினார். நான் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். காலியாக விடக்கூடாது என்று ஹாசன் சொன்னார். வேறு யார் இருக்கிறார்கள்? அண்ணனின் பெயரையே எழுதினேன்.

மேடையில் அவர் ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் சோறு பொங்கினேன். மூன்று ஐட்டம் வந்தது. அவர் மூன்றையும் சாப்பிட்டார். சாயங்காலம் தகரத்தில் மழை கொட்டியபோது, ஆறு ஏறுகிறதா என்று மூன்று தடவை கேட்டார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

காலையில் எழுந்தபோது மேடையில் அவர் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. பனிமூட்டத்தில் தேடினால், நீ உட்காரும் கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். காலில் சப்பாத்து, கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார். தண்ணீருக்கும் அவருக்கும் ஓர் அடி இருக்கும். கோப்பியைக் கொடுத்தேன்.

"இந்தக் கல்லா?"

"ஆமாண்ணே."

"டாக்டர் கேட்டப்போ நீங்க அங்கதான நின்னீங்க டீச்சர்?"

ஒரு வருஷமாக நான் பயந்த கேள்வி. பிள்ளைகளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல் என்று.

"நின்னேன். எனக்குத் தெரியும். சொல்லல. அவ என்னைப் பார்த்தா, அதனால சொல்லல."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். அவர் கோப்பையைக் கல்லின்மேல் வைத்தார்.

"தங்காக் துணிக்கடையில அட்டை கடிக்குமா டீச்சர்?"

எனக்குப் புரியவில்லை.

"ஒவ்வொரு தடவையும் அவ காலுல நாலு அஞ்சு கடி. தலைமுடியில விறகுப் புகை. உங்க காடி டயர்ல செம்மண்ணு. நாப்பது வருஷம் லோரி ஓட்டியிருக்கேன், எந்த ரோட்டு மண்ணுன்னு எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியுமா? எப்பல இருந்து?"

"முதல் தடவையே."

"பிறகு ஏண்ணே..."

"தெரியும்னு சொன்னா தடுக்கணும். தடுக்காம என்னால இருக்க முடியாது. அவ திரும்பி வந்து எறங்குறப்ப மூஞ்சியப் பாத்திருக்கீங்களா? அத எப்படித் தடுக்கிறது? அதான் தெரியாத மாதிரி இருந்துட்டேன். நீங்க போற ரெண்டு நாளும் எனக்குச் சோறு எறங்காது. காடி சத்தம் கேட்டாதான்."

"என் அக்கா வீட்டுக்கு ஒரு போன் போட்டிருந்தீங்கன்னா..."

"போட்டா அந்தம்மா பொய் சொல்லணும். அவங்களுக்கு எதுக்கு அந்தப் பாவம்?"

பிறகு அவர் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். நீ முழுசாகக் கேட்க வேண்டும்.

"அந்த டாக்டர் பொண்ணு கேட்டப்போ அவ என்னைப் பாத்துத்தான் இல்லன்னு சொன்னா. இவ ஆத்துக்குப் போனா டாக்டர்னு நான் சொல்லியிருக்கலாம். சொன்னா இத்தனை வருசமா எனக்குத் தெரியும்னு ஆயிடும். சொகமில்லாம படுத்திருக்கிறவள எல்லாருக்கும் முன்னால பொய்காரியாக்கணுமான்னு நினைச்சேன். சாதாரணக் காய்ச்சல்தானன்னு நினைச்சேன். அப்புறம் உங்களப் பாத்தேன். டீச்சர் படிச்சவங்க, வேணும்னா அவங்களே சொல்லிடுவாங்கன்னு விட்டுட்டேன்."

நானும் அப்படித்தான் நினைத்தேன், பாக்கியம். தேவையென்றால் நீயே சொல்லிவிடுவாய் என்று.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சொல்லாமல் எனக்குப் பழக்கம் இல்லை. வகுப்பில் கண்ணாடி உடையும். யார் உடைத்தது என்று கேட்டால் முப்பது பிள்ளைகளும் கீழே பார்ப்பார்கள். உடைத்தவனைக் காட்டிக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. பிள்ளைகளின் பாசத்தைப் பார்த்து நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அன்று அந்தக் கட்டிலைச் சுற்றி நாம் மூன்று பேரும் அப்படித்தான் கீழே பார்த்தோம். மூன்று பேருக்கும் தெரியும். கேட்டவளுக்கு மட்டும் தெரியாது. நீ அவருக்காகச் சொல்லவில்லை, நான் உனக்காகச் சொல்லவில்லை, அவரும் உனக்காகத்தான் சொல்லவில்லை. மூன்று பேரில் ஒருவருக்காவது பாசம் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கக் கூடாதா?

அவர் என்னை மன்னிக்கவில்லை. நானும் அவரை மன்னிக்கவில்லை. அந்தப் பேச்சே எழவில்லை. தான் செய்ததையே செய்தவரை எப்படித் திட்டுவது, எப்படி மன்னிப்பது? இந்த உண்மையைச் சொல்லிவிட்டால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும் என்று நினைத்துத்தான் அவரை அழைத்துப் போனேன். முன்பு ஒருத்தி சுமந்ததை இப்போது இரண்டு பேர் சுமக்கிறோம். பாதிப் பாதியாகக்கூட ஆகவில்லை, ஆளுக்கு முழுசாக இருக்கிறது.

கிளம்பும்போது அவர் தண்ணீரைத் தொடுவார் என்று எதிர்பார்த்தேன். கதையில் அப்படித்தான் வரும். அவர் தொடவில்லை. கல்லின்மேல் இருந்த கோப்பையை எடுத்து, கோப்பியை மண்ணில் ஊற்றி, "போலாம் டீச்சர்" என்றார். ஊர்ச் சந்திப்பு வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"கேன்டீன்ல எலின்னு பேசினாங்களே, அதையும் கேட்டுக்கிட்டு இருந்துட்டேன். நீங்க எழுதத் தெரிஞ்சவங்க. எழுதுங்க. எம் பேரையும் போட்டு எழுதுங்க."

அதனால்தான் இது பத்திரிகைக்குப் போகிறது. ஊர் மக்களே, பாக்கியத்தின் கேன்டீனில் எலி இல்லை. அவள் என்னோடு ஆற்றுக்குப் போனாள். காலில் புண் இருந்தது. தண்ணீரில் வை என்று சொன்னது நான். டாக்டர் சரியாகக் கேட்டார். உண்மை தெரிந்த இரண்டு பெரிய மனிதர்கள், சுப்பையா அண்ணனும் நானும், பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

இதனால் என்ன ஆகிவிடப் போகிறது? கேன்டீன் வேறு கைக்குப் போய்விட்டது. பேசினவர்கள் அதை மறந்து வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். இதைப் படித்துவிட்டு இன்னொரு பேச்சு பேசுவார்கள். உன் துணிகளை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவை மறுபடி உன் அலமாரிக்கே போய்விட்டன. அண்ணன் சாயங்காலத்தில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்கிறார். காடி சத்தம் கேட்டால் இப்போதும் நிமிர்ந்து பார்க்கிறார் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பயனில்லாத வாக்கு என்று தெரிந்தே தருகிறேன். என் முட்டி தாங்கும்வரை ஒவ்வொரு விடுமுறைக்கும் அந்த மேடைக்குப் போவேன். போகும்போது உன் வீட்டு கேட்டில் காடியை நிறுத்தி, "அண்ணே, ஆத்துக்குப் போறேன்" என்று தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் போவேன். அவர் பதில் சொல்லாவிட்டாலும் சொல்வேன். பிறகு நம் ஊர்ச் சந்திப்பை மெதுவாகக் கடப்பேன். யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். பக்கத்து சீட்டில் குனிந்துகொள்ள யாரும் இல்லை.

காட்டுக்குள் மட்டும் நீ அப்படி அழைத்தாய், இனி ஊருக்கும் தெரியட்டும்,
உன் அக்கா,
ரீத்தா